பதக்கமும் பரிசுப் பணமும்

ஒலிம்பிக் பந்தயத்தில் முதலிடம் பெற்றவரின் கழுத்தில் அணிவிக்கும் தங்கப் பதக்கம் முழுவதும் தங்கம் அன்று. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் வழங்கப்பட்ட தங்கப் பதக்கத்தின் எடை 529 கிராம். அதில் தங்கம் 6 கிராம். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் முக்கால் பவுன். எஞ்சியதில் பெரும்பகுதி வெள்ளி. நடுவே ஈபெல் கோபுரத்திலிருந்து எடுத்த இரும்புத் துண்டு ஒன்று. பந்தயங்களை நடத்தும் சர்வதேச ஒலிம்பிக் குழு இதற்கு மேல் வெற்றியாளருக்கு ஒரு காசும் பரிசாகக் கொடுப்பதில்லை. ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றை நிர்வகிக்கும் உலகத் தடகளச் சம்மேளனம் மட்டும் அவ்வாண்டில் மரபை மாற்றி, தன் 48 போட்டிகளில் தங்கம் வென்றவர்களுக்குத் தலா 50,000 டாலர் வழங்கிற்று. தடகளத்தில் அதற்குமுன் அவ்வழக்கம் இருந்ததில்லை.

அவ்வாறாயின், பதக்கம் வென்றவருக்குக் கோடி கோடியாகப் பணம் என்று நாளிதழ்களில் நாம் படிக்கிறோமே, அது எங்கிருந்து வருகிறது? அவரவர் நாடு தருகிறது. நம் நாட்டில் மத்திய அரசு ஒரு பங்கும், மாநில அரசு வேறொரு பங்கும் தருகின்றன. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து, பிள்ளைகளின் படிப்பும் வேலையுமே பெருங்கவலையாக வாழும் நம் குடும்பங்களில், மைதானத்திற்குப் புறப்படும் பிள்ளையைப் பார்த்து, “விளையாட்டு சோறு போடுமா?” என்று கேட்காத பெற்றோர் அரியர். அக்கேள்விக்கு உலக நாடுகள் எவ்வாறு விடை சொல்லியிருக்கின்றன என்று பார்ப்பது நமக்கு வீண் வேலை ஆகாது.

வென்றவனுக்கு ஊர் பொருள் கொடுப்பது பழைய வழக்கம். பண்டைக் கிரேக்க நாட்டில் ஒலிம்பியாவில் வென்றவனுக்கு அங்கே கிடைத்தது ஒலிவ மரக் கிளையால் பின்னிய முடி மட்டுமே. ஆனால் அவன் தன் நகருக்குத் திரும்பினால் கதை வேறு. ஏதென்ஸ் நகரத்துச் சட்டமியற்றிய சோலோன், ஒலிம்பிய வெற்றியாளனுக்கு 500 திராக்மா வழங்க வேண்டும் என்று விதித்ததாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். நகர மன்றத்தில் வாழ்நாள் முழுவதும் இலவச உணவும் உண்டு. கி.மு. 399-இல் சாக்ரடீசின் மீது குற்றம் நிறுவப்பட்டு, “உமக்கு என்ன தண்டனை தகும்?” என்று கேட்டபோது, அந்த மன்றத்து விருந்தையே அவர் தமக்குத் ‘தண்டனை’யாகக் கேட்டார். தேரோட்டியில் வென்றவனைவிட நகருக்கு அதிக நன்மை செய்தவர் தாமே என்பது அவர் வாதம். நீதிபதிகள் அதை இரசிக்கவில்லை.

இக்காலத்து ஒலிம்பிக் இயக்கம் தோன்றியபோது நிலை தலைகீழாயிற்று. விளையாட்டினால் ஒரு காசு ஈட்டினாலும் அவன் தகுதியற்றவன் என்றனர். காசுக்கு ஆடாத கனவான்களே ஆடலாம் என்னும் இவ்விதி, கேட்பதற்கு உயர்வாக இருந்தாலும், நடைமுறையில் வீட்டில் பணம் உள்ளவனுக்கே கதவைத் திறந்து வைத்தது. அமெரிக்கப் பழங்குடியினரான ஜிம் தோர்ப், 1912-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஐவகைப் போட்டியிலும் பதின்வகைப் போட்டியிலும் தங்கம் வென்றார். அதற்கு முன் சிறு கூலிக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்று தெரிய வந்ததும், 1913-இல் அவ்விரண்டு பதக்கங்களையும் பறித்துக்கொண்டனர். அவர் 1953-இல் காலமானார். பதக்கங்களைத் திருப்பித் தரும் முடிவு 1982-இல் எடுக்கப்பட்டது. அப்போட்டிகளின் ஒரே வெற்றியாளர் அவரே என்று ஏடுகளில் திருத்தியது 2022-இல். நூற்றுப் பத்து ஆண்டுகள்!

அவ்விதி மெல்லத் தளர்ந்து மறைந்தபின், நாடுகள் வெளிப்படையாகவே விலை குறிக்கத் தொடங்கின. அமெரிக்காவில் ஒலிம்பிக் குழு தங்கத்திற்கு 37,500 டாலர் தருகிறது; அரசாங்கம் தருவதில்லை. செல்வம் மிக்க அந்நாட்டின் தொகை சிறியது. சிறு நாடுகளின் தொகையோ பெரிது. பலமுறை பதக்கம் கண்ட நாட்டிற்கு இன்னொன்று வருவது செய்தி. ஒன்றும் காணாத நாட்டிற்கு முதற் பதக்கம் தேசத் திருநாள் அன்றோ!

சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 2016-இல் ஜோசப் ஸ்கூலிங் நீச்சலில் வென்றார். அமெரிக்காவின் மைக்கேல் பெல்ப்சை அவர் முந்தினார். அவருக்குக் கிடைத்தது பத்து லட்சம் சிங்கப்பூர் டாலர். அத்தொகையில் நூற்றுக்கு இருபது பங்கைத் தம் விளையாட்டுச் சங்கத்தின் பயிற்சிச் செலவுக்கு அவர் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி; வருமான வரியும் உண்டு. வென்றவனின் கையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு ஒரு பங்கு செல்வது நல்ல ஏற்பாடு என்றே நாம் கருதுகிறோம். ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. அவரைப் பதினான்காம் வயதில் பயிற்சிக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிப் பெருஞ்செலவு செய்தவர்கள் அவருடைய பெற்றோர். ஒரே பிள்ளையை அத்தனை தொலைவு அனுப்ப வசதியும் துணிவும் அவர்களுக்கு இருந்தன.

பிலிப்பீன்சில் இவ்வேற்றுமை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அந்நாட்டில் 2015-இல் இயற்றப்பட்ட சட்டம், ஒலிம்பிக் தங்கத்திற்கு ஒரு கோடி பெசோ என்று நிர்ணயித்தது. 2016-இல் பளுதூக்குதலில் வெள்ளி வென்ற ஹிடிலின் டையஸ் என்னும் பெண்மணி, அடுத்த ஒலிம்பிக்கிற்கான பயிற்சிச் செலவுக்குப் பணம் போதாமல், 2019-இல் சமூக ஊடகத்தில் உதவி கோர வேண்டியதாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் மலேசியாவில் சிக்கிக்கொண்டபோது, மூங்கிற் கழியில் தண்ணீர்க் குப்பிகளைக் கட்டித் தூக்கிப் பயின்றார். 2021-இல் டோக்கியோவில் தம் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றதும், அரசின் ஒரு கோடியோடு செல்வந்தர்களின் கோடிகளும் வீடுகளும் வந்து குவிந்தன. 2024-இல் இரண்டு தங்கம் வென்ற கார்லோஸ் யூலோவுக்கோ, இவற்றோடு வாழ்நாள் முழுவதும் இலவச உணவு தருவதாக உணவகங்கள் சில அறிவித்தன. ஏதென்ஸ் நகர மன்றத்து விருந்து மணிலாவில் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

தென் கொரியாவின் பரிசு பணத்தினும் பெரிது. அங்கே உடல் நலம் உள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் கட்டாயப் படைப்பணி செய்ய வேண்டும். ஒலிம்பிக்கில் ஏதேனும் ஒரு பதக்கமோ, ஆசியப் பந்தயத்தில் தங்கமோ பெற்றவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. இவ்வேற்பாடு 1973 முதல் இருந்து வருகிறது. சில வாரப் பயிற்சியோடு விடுபட்டுவிடலாம். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் கால்பந்து வெண்கலத்துக்காக ஜப்பானோடு ஆடிய கொரிய அணி, இரண்டு கோல் முந்தியிருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், அதுவரை ஒரு பந்தயத்திலும் இறங்காத கிம் கீ ஹீ என்பவரைப் பயிற்சியாளர் களத்தில் இறக்கினார். களத்தில் கால் வைத்தவருக்கே விலக்கு என்பது அன்றைய விதி. அந்தச் சில நிமிடங்கள் அவருக்கு ஏறத்தாழ இரண்டாண்டு வாழ்வை மீட்டுக் கொடுத்தன.

இவை அனைத்தும் வென்ற பின் வருபவை. இதற்கு மாறான வழியில் செல்லும் நாடுகளும் உள. பிரிட்டன் பதக்கத்துக்கென்று பரிசுப் பணம் தருவதில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒரே ஒரு தங்கத்துடன் பட்டியலில் 36-ஆம் இடத்துக்கு இறங்கிய அந்நாடு, 1997 முதல் தேசிய லாட்டரிச் சீட்டில் வரும் பணத்தின் ஒரு பகுதியை விளையாட்டு வீரர்களின் அன்றாட வாழ்க்கைக்கும் பயிற்சிக்கும் முன்கூட்டியே ஒதுக்கத் தொடங்கியது. இருபதே ஆண்டுகளில், 2016-இல் ரியோ நகரில் 27 தங்கம் பெற்று இரண்டாமிடத்துக்கு ஏறிற்று. இம்முறையிலும் கடுமை உண்டு. பதக்கம் வரும் என்ற நம்பிக்கை இல்லாத விளையாட்டுக்குப் பணம் நின்றுவிடும். ரியோவில் வெண்கலம் வென்ற பூப்பந்தாட்டத்துக்கே அவ்வாண்டு இறுதியில் உதவியை நிறுத்திவிட்டார்கள். குளிர்கால ஒலிம்பிக்கில் 2022-இல் 16 தங்கத்துடன் முதலிடம் பெற்ற நார்வேயும் பதக்கத்திற்கு வெகுமதி தருவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திர இந்தியாவிற்குத் தனி ஒருவராக முதல் ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்தவர் மல்யுத்த வீரர் க.தா. ஜாதவ். மராட்டிய நாட்டில் கராடு நகரையடுத்த கோளேசுவர் என்னும் சிற்றூரில் 1926-இல் பிறந்தவர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் ஆறாமிடம் பெற்றார். அப்பயணத்துக்கு உதவியவர் கோல்ஹாப்பூர் மகாராஜா. 1952-இல் ஹெல்சிங்கிக்குப் போக வேண்டும். கையில் பணம் இல்லை. ஊரார் தம்மால் இயன்றதைத் திரட்டினர். அவர் படித்த இராஜாராம் கல்லூரியின் தலைமையாசிரியர் கர்தேகர், தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஓர் ஆசிரியர் தம் மாணவன் மல்யுத்தம் செய்வதற்காக வீட்டை அடகு வைத்தார் என்பதை நாம் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

ஜாதவ் வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார். கராடு இரயில் நிலையத்திலிருந்து 151 மாட்டு வண்டிகள் ஊர்வலமாகச் சென்றன என்பர். அதன் பின் அவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, மல்யுத்தப் பந்தயங்கள் நடத்தி, அதில் வந்த பணத்தைக் கொண்டு ஆசிரியரின் கடனைத் தீர்த்தது. பரிசு அவருக்கு வரவில்லை, அவரிடமிருந்து சென்றது! 1955-இல் காவல் துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து, நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்று, 1984-இல் சாலை விபத்தில் மாண்டார். அருச்சுனா விருது 2000-ஆம் ஆண்டுக்கானதாக, அவர் மறைந்த பின் அறிவிக்கப்பட்டது. அவருக்கு அடுத்துத் தனியொருவராக ஒலிம்பிக் பதக்கம் பெற்ற இந்தியர், 1996-இல் டென்னிஸ் ஆட்டக்காரர் லியாண்டர் பயஸ். இடையே 44 ஆண்டுகள் கழிந்தன. கொல்கத்தாவில் வளர்ந்த பயஸ், இளமையில் பயிற்சிக்கு வந்து தங்கியது நம் சென்னையில் என்பதை இங்கே சற்றுப் பெருமையோடு குறித்துக்கொள்கிறோம்.

அன்றைய நிலைக்கும் இன்றைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. மத்திய அரசின் திட்டப்படி ஒலிம்பிக் தங்கத்திற்கு 75 லட்சம் ரூபாய், வெள்ளிக்கு 50 லட்சம், வெண்கலத்திற்கு 30 லட்சம். விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்ற பின் மாதந்தோறும் ஓய்வூதியமும் உண்டு; 2018-இல் உயர்த்தியபடி ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்க்கு 20,000 ரூபாய். மாநிலங்களில் அரியானா முன்னே நிற்கிறது: தங்கத்திற்கு 6 கோடி, வெள்ளிக்கு 4 கோடி, வெண்கலத்திற்கு இரண்டரைக் கோடி. தமிழ்நாடு 2021-இல் அறிவித்தவை முறையே 3 கோடி, 2 கோடி, 1 கோடி. ஒலிம்பிக் முதலிய பந்தயங்களில் வென்றோருக்கு அரசுகள் தரும் இப்பரிசுகளுக்கு வருமான வரி இல்லை என்பதும் 2014-இல் உறுதியாயிற்று.

ஒரு வகையில் நம் நாடு செல்வ நாடுகளை முந்திக்கொண்டது. மாற்றுத் திறனாளிகளின் பாராலிம்பிக் பதக்கத்துக்கும் இங்கே ஒரே அளவுப் பரிசு. அமெரிக்கா இச்சமநிலைக்கு 2018-இல்தான் வந்தது. சிங்கப்பூர் இன்னும் முழுமையாக வரவில்லை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறிக் கால் நசுங்கப் பெற்றவர். காய்கறி விற்றுக் குடும்பம் காத்தவர் அவர் தாயார். 2016-இல் ரியோவில் உயரம் தாண்டுதலில் அவர் தங்கம் வென்றபோது மத்திய அரசு 75 லட்சமும், தமிழக அரசு 2 கோடியும் வழங்கின. அப்பணத்தில் 30 லட்சத்தைத் தாம் படித்த அரசுப் பள்ளிக்குக் கொடுத்தார் அவர். 2021-இல் வெள்ளி, 2024-இல் வெண்கலம் என்று அவர் தொடர்ந்து வென்றதோடு, தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் அவருக்குப் பணியும் அளிக்கப்பட்டது. அப்பணியே இத்தனை பரிசுகளிலும் சிறந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. அப்படி நாம் எண்ணக் காரணம் உண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்து எளிய குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-இல் தோகா நகரில் நடந்த ஆசியப் பந்தயத்தில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை ஒன்றின் பெயரால் அப்பதக்கம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. தமிழக அரசு அவருக்குரிய 15 லட்சம் ரூபாயை மறுக்காமல் கொடுத்தது. அது பாராட்டுக்குரிய செயல். அவர் அப்பணத்தைக் கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். பணம் எத்தனை காலத்துக்கு வரும்? 2012-இல் அவர் செங்கற்சூளையில் கூலி வேலை செய்கிறார் என்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. பின்னரே பயிற்சியாளர் படிப்பும், அரசின் பயிற்சியாளர் வேலையும் அவருக்குக் கிட்டின. போலந்து நாட்டில் ஒலிம்பிக் பதக்கம் பெற்றவருக்கு நாற்பது வயதுக்குப் பின் வாழ்நாள் உதவித்தொகை தருவது, மொத்தமாகத் தரும் பணம் கரைந்து போகும் என்பதை அறிந்ததனால்தான்.

சொந்த மாநிலத்தை விட்டு வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மாநிலப் பரிசுக்கு, பெரும்பாலும், அம்மாநிலத்தில் குடியிருப்புச் சான்று வேண்டும்; அல்லது அம்மாநிலத்தின் சார்பில் ஆடியிருக்க வேண்டும். தில்லியிலோ புனேயிலோ வளரும் தமிழ்ப் பிள்ளை ஆடுவது அவ்விடத்து அணிக்காக. அப்படியானால் அவன் எந்த மாநிலத்துப் பிள்ளை? தங்கம் வந்துவிட்டால் கேள்வி எழாது. 2021-இல் ஈட்டி எறிதலில் தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவுக்கு அவருடைய அரியானா 6 கோடி தந்தது. குடும்ப வேர் தம் மண்ணில் உண்டு என்று சொல்லிப் பஞ்சாப் 2 கோடி அறிவித்தது. யாதொரு வேரும் இல்லாத சென்னைக் கிரிக்கெட் அணியும் ஒரு கோடி அறிவித்தது. வெற்றிக்கு உறவினர் பலர். பதினான்கு வயதில் காலணி கிழிந்து நிற்பவனுக்கே, யார் உறவு என்று தெரியாது.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனை நம் வாசகர் அறிவர். 2019-இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றவர். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் இந்தியாவுக்காகச் சுட்டவர். டோக்கியோவுக்குத் தகுதி பெற்ற குசராத்து வீராங்கனையர் அறுவருக்கு அம்மாநில அரசு 2021-இல் தலா 10 லட்சம் ரூபாய் அளித்தது. அவ்வறுவருள் இளவேனிலும் ஒருவர். பதக்கம் பெற்ற பின் அன்று, போகும் முன்பே அறிவித்தது. தமிழ்ப் பெயரைக் கண்டு தயங்கவும் இல்லை. அவர் ஆடுவது அம்மாநிலத்தின் சார்பில் என்பதே போதுமானதாயிற்று.

ஆகவே நம் குடும்பங்கள் உதவியைத் தேட வேண்டிய முதல் இடம், பிள்ளை வளரும் மாநிலமே. மத்திய அரசின் ‘கேலோ இந்தியா’ திட்டத்தில் தேர்வாகும் இளையோருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் வரை செலவிடுகிறார்கள். அதில் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு. 2014-இல் தொடங்கிய ஒலிம்பிக் இலக்குத் திட்டத்தில் முதல் வரிசை வீரருக்கு மாதம் 50,000 ரூபாய். இவை பதக்கத்துக்கு முன் வருபவை. மாநில எல்லை பாராதவை. இரயில்வேயில் பணிபுரியும் நம் அன்பர்கள், இரயில்வேக்கும் படைத்துறைக்கும் தேசியப் போட்டிகளில் தனி அணிகள் உண்டு என்பதையும், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு என்பதையும் அறிவர்.

இவற்றில் எதற்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்பது சான்றிதழ். பள்ளி மாவட்டப் போட்டியிலிருந்து மாநிலப் போட்டி வரை கிடைத்த ஒவ்வொரு சான்றிதழையும், எந்த ஆண்டில் எந்தச் சங்கத்தின் சார்பில் ஆடியது என்ற குறிப்போடு ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளல் நலம். தகப்பனாருக்கு வேற்றூருக்கு மாற்றல் உத்தரவு வந்தால், வீட்டுச் சாமான்களைக் கட்டுமுன் பழைய மாநிலச் சங்கத்திடம் ஆட்சேபணை இல்லை என்னும் சான்றை வாங்கிவிட வேண்டும். புதிய ஊரில் அது இல்லாமல் ஒரு பருவ ஆட்டமே வீணாகலாம். மத்திய அரசின் ரொக்கப் பரிசுக்கு, 2023 முதல், சம்மேளனத்தின் வழியே காத்திராமல், வீரரே இணையத்தில் நேராக விண்ணப்பிக்கலாம்.